ஃபைபர் கிளாஸ் பாகம் வெடித்தால் புட்டி மட்டும் போதாது: பழுதுபார்ப்பும் பாதுகாப்பும்

லாபிஸ் – தோட்டத்துச் செம்மண் சாலையில் உரசிய பக்கவாட்டு ஸ்கர்ட், வேகத்தடையில் இடித்த முன்பக்க லிப், போல்ட் இறுக்கிய மூலையில் கீறல் விட்ட பிக்-அப் கேனபி. லாபிஸ் வட்டாரத்தில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இவை புதிதல்ல. வெடித்த இடத்தில் புட்டி தடவி, தேய்த்து, சாயம் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சில மாதங்களில் அதே கோட்டில் வெடிப்பு மீண்டும் தலைகாட்டுகிறது.

காரணம் எளியது. ஃபைபர் கிளாஸ் பாகத்தின் வலிமை அதனுள் இருக்கும் கண்ணாடி இழையில் இருக்கிறது. புட்டியில் இழை இல்லை. அது பள்ளத்தை மட்டும் மூடும். அறுந்த இழைக்குப் பதில் புது இழை வைத்து, அதைப் பழைய பாகத்தோடு நன்றாக ஒட்ட வைத்தால்தான் பழுது நிலைக்கும். சிறு சேதங்களை வீட்டுக் கொட்டகையிலேயே இப்படிச் சரிசெய்ய முடியும். ஆனால், இதில் பயன்படும் இரசாயனங்களில் ஒன்று கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். எனவே, முறையையும் பாதுகாப்பையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபைபர் கிளாஸ் என்றால் என்ன?

மண் சுவர் எழுப்புபவர்கள் மண்ணோடு வைக்கோலைச் சேர்த்துக் குழைப்பார்கள். மண் சுவருக்கு உருவம் தரும். வைக்கோல் அது பிளக்காமல் பிடித்துக்கொள்ளும். ஃபைபர் கிளாஸும் அதே யோசனைதான். மெல்லிய கண்ணாடி இழைகளால் ஆன விரிப்பை, ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து அச்சில் இறுக விடுகிறார்கள். மேலே வழவழப்பான, மெல்லிய ஜெல்கோட் பூச்சு இருக்கும். அதற்கு மேல்தான் சாயம்.

1953-இல் அமெரிக்காவின் செவர்லே கோர்வெட் கார் ஃபைபர் கிளாஸ் உடலோடு வெளிவந்தது. 1957-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் எலீட் காரை ஃபைபர் கிளாஸாலேயே கட்டியது. அந்த லோட்டஸை 1996-இல் நம் நாட்டின் புரோட்டோன் வாங்கி, 2017 வரை வைத்திருந்தது. இந்தியாவில் 1980-களில் பெங்களூரில் தயாரான சிபானி டால்ஃபின் காரின் உடலும் ஃபைபர் கிளாஸ்தான்.

இன்று நம் ஊர்ச் சாலைகளில் முழு ஃபைபர் கிளாஸ் கார் அபூர்வம். ஆனால், புரோட்டோன் வீரா, சாத்ரியா, பெரோடுவா மைவி போன்ற கார்களில் பிறகு மாட்டும் போடிகிட், ஸ்கர்ட், ஸ்பாய்லர் ஆகியவற்றில் பல இதனால் ஆனவை. பிக்-அப் வண்டிகளின் கேனபி, லோரிகளின் தலைக்கு மேல் இருக்கும் காற்றுத் தடுப்பு ஆகியவற்றிலும் இது அதிகம்.

தகரம் அடிபட்டால் நசுங்கும், தட்டி நிமிர்த்தலாம். ஃபைபர் கிளாஸ் நசுங்காது. வளைந்து, பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். ஆனால், வளைந்த நேரத்தில் ரெசின் வெடித்து இழை அறுந்திருக்கும். வெளியே ஒரு மயிரிழைக் கோடு மட்டும் தெரிந்தாலும் உள்ளே சேதம் அகலமாக இருக்கலாம். அதனால்தான் பின்பக்கத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

முதலில் பொருளை அடையாளம் காணுங்கள்

தொழிற்சாலையிலிருந்து வரும் பம்பர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஃபைபர் கிளாஸுக்கான ரெசின் அவற்றில் சரியாக ஒட்டாது. தவறான பொருளில் செய்யும் வேலை முழுதும் வீண் என்பதால் இந்தச் சோதனைகளை முதலில் செய்யவும்:

• பாகத்தின் பின்பக்கம் சொரசொரப்பாக, இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால் அது ஃபைபர் கிளாஸ். வழவழப்பாக இருந்து, பி.பி. அல்லது ஏ.பி.எஸ். என்ற ஆங்கில எழுத்துகள் அச்சில் பதிந்திருந்தால் அது பிளாஸ்டிக்.

• மறைவான ஓரத்தில் உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கவும். ஃபைபர் கிளாஸ் வெண்மையான தூளாக உதிரும். பம்பர் பிளாஸ்டிக் நூல் நூலாகச் சுருளும்.

• கையால் அழுத்தும்போது ரப்பர்போல் எளிதில் வளைந்தால் அது பி.யு. வகைப் போடிகிட். அதற்கு இந்த முறை பொருந்தாது.

எது சிறு சேதம்?

ஒரு நாணயத்தை எடுத்து, வெடிப்பைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே வரவும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான ஒலி கேட்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் ஒலி மந்தமாக மாறும். மாறும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் சேதத்தின் உண்மையான அளவு தெரிந்துவிடும்.

ஜெல்கோட்டில் மட்டும் உள்ள மயிரிழைக் கீறல், உள்ளங்கை அளவுக்குள் அடங்கும் வெடிப்பு, விளிம்பில் உடைந்த சிறு துண்டு ஆகியவற்றை வீட்டில் சரிசெய்யலாம். கதவுக் கீல், கண்ணாடிச் சட்டம், இருக்கைப் பட்டை பொருத்தும் இடம், சக்கர அமைப்பைத் தாங்கும் பகுதி ஆகியவற்றின் அருகே வெடித்திருந்தால் அது சிறு சேதம் அல்ல. அதை அனுபவமுள்ள பட்டறையிடமே விட வேண்டும். பெரிய துண்டு காணாமல் போயிருந்தாலும் பாகத்தையே மாற்றுவது நல்லது.

விபத்தால் ஏற்பட்டதா? முதலில் புகார்

இன்னொரு வாகனத்தோடு மோதியதால் சேதம் ஏற்பட்டிருந்தால் பழுதுபார்க்கத் தொடங்கும் முன் போலீஸ் புகார் செய்ய வேண்டும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் புகார் செய்வது கட்டாயம். சேதத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். பழுதுபார்த்த பிறகு ஆதாரம் இருக்காது.

காப்புறுதிக் கோரிக்கை செய்வதா, கைக்காசில் முடிப்பதா என்பதையும் யோசிக்க வேண்டும். தனியார் கார்களுக்கு என்.சி.டி. என்ற கழிவு ஐந்தாண்டுகள் கோரிக்கை இல்லாவிட்டால் 55 விழுக்காடு வரை உயரும். சொந்தத் தவறுக்குக் கோரிக்கை செய்தால் அந்தக் கழிவை இழக்க வேண்டியிருக்கும். சிறிய ஸ்கர்ட் வெடிப்புக்காக அதை விட்டுக்கொடுப்பது கட்டுப்படியாகாது. பிறகு மாட்டிய போடிகிட்டும் கேனபியும் பாலிசியில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதை முகவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

தேவையான பொருள்கள்

• பாலியெஸ்டர் ரெசின், அதோடு தரப்படும் ஹார்ட்னர் (எம்.இ.கே.பி.)
• சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு
• கார் புட்டியும் அதற்குரிய ஹார்ட்னர் பசையும்
• அசிட்டோன், பாத்திரம் கழுவும் சோப்பு, பழந்துணி
• 40, 80, 120, 180, 240, 400 எண் உப்புத்தாள்கள்
• மலிவான தூரிகை, ஊசியில்லாத சிறு சிரிஞ்சு, எலக்ட்ரானிக் தராசு, ஒட்டும் டேப்
• பிரைமர், காரின் நிற எண்ணுக்கு ஏற்ற சாயம், கிளியர்

ரெசின் ஹார்ட்னரும் புட்டி ஹார்ட்னரும் வெவ்வேறு இரசாயனங்கள். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைச் சேர்க்கக் கூடாது.

எபோக்சி ரெசின் இன்னும் உறுதியாக ஒட்டும். ஆனால், விலை கூடுதல். அதற்குச் சாதாரண விரிப்பைவிட நெய்த கண்ணாடித் துணியே ஏற்றது. எபோக்சிமேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது என்பதால் இரண்டையும் ஒரே பழுதில் கலந்து செய்ய வேண்டாம்.

கண், மூச்சு, தீ: விட்டுக்கொடுக்க முடியாதவை

எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் நிரந்தரப் பார்வையிழப்பு ஏற்படலாம். மூக்குக்கண்ணாடி போதாது. பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது. தெறித்துவிட்டால் உடனே, அதே இடத்தில், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். லாபிஸிலிருந்து சிகாமட் மருத்துவமனை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கழுவாமல் காரில் ஏறினால் அந்தப் பயண நேரத்திலேயே கண் கெட்டுவிடும். கழுவிய பிறகே புறப்பட வேண்டும். போத்தலையும் உடன் கொண்டு போகவும்.

ரெசினின் கடும் வாடை ஸ்டைரீன் என்ற ஆவியால் வருவது. என்95 முகக்கவரி தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று தனி வடிகட்டி பொருத்திய முகமூடி தேவை. மூன்று பக்கம் மூடிய அறையிலோ, சமையலறைக்குப் பக்கத்திலோ வேலை செய்யக் கூடாது. சாமி விளக்கு, கொசுவர்த்தி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ரெசினும் அசிட்டோனும் எளிதில் தீப்பிடிக்கும்.

தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் அரிப்பைத் தரும். நீளக்கைச் சட்டையும் கையுறையும் அணியவும். தூள் பட்ட இடத்தைச் சொறியாமல் குளிர்ந்த நீரில் கழுவவும். வேலை உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

ஹார்ட்னரை அசிட்டோனோடு கலக்கக் கூடாது. ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவம் தனியாக இருந்தால், அதையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பற்றும். இவற்றைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கமும் ஆபத்தானது. பிள்ளைகள் கைக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில், வாங்கிய போத்தலிலேயே வைக்கவும்.

பழுதுபார்க்கும் முறை

1. காரணத்தை நீக்குதல். வெடிப்பு ஏன் வந்தது என்று முதலில் பார்க்கவும். கேனபி மூலையில் வந்தால் போல்ட் அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கலாம். துளை சிறிதாக இருக்கலாம். துளையைச் சற்றே பெரிதாக்கி, ரப்பர் வாஷரும் அகலமான இரும்பு வாஷரும் போட்டால் அழுத்தம் பரவும். காரணம் அப்படியே இருந்தால் எந்தப் பழுதும் நிலைக்காது.

2. கழுவிக் காயவைத்தல். பாகத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றுவதே நல்லது. சோப்பு நீரில் இருபுறமும் கழுவி முழுதாகக் காயவிடவும். அறுந்த இழை முனைகள் தண்ணீரைத் திரிபோல் உள்ளே இழுத்து வைத்திருக்கும். மழையிலோ வெள்ளத்திலோ நனைந்த பாகத்தை ஓரிரு நாள் நிழலில் காற்றாட வைக்கவும். காய்ந்ததும் அசிட்டோன் துணியால் மெழுகையும் எண்ணெயையும் துடைக்கவும். துடைக்காமல் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

3. வெடிப்பை நிறுத்துதல். வெடிப்பின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போடவும். கூரான முனை வட்டமாகிவிட்டால் வெடிப்பு மேலும் ஓடாது.

4. பின்பக்கத்தைத் தயார்செய்தல். வெடிப்பைச் சுற்றி 5 முதல் 7 செ.மீ. வரை 40 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்கவும். பழைய ரெசினும் புது ரெசினும் ஒன்றாகக் கரைந்து சேர்வதில்லை. சொரசொரப்பான பரப்பைப் பற்றிக்கொண்டுதான் புதியது நிற்கிறது. தூளைத் துடைத்துவிட்டு, முன்பக்கத்தில் வெடிப்பின் இரு விளிம்பும் சமமாக இருக்கும்படி டேப் ஒட்டி இறுக்கவும்.

5. விரிப்பைத் தயார்செய்தல். ஏறக்குறைய 15, 13, 11 செ.மீ. என மூன்று சதுரத் துண்டுகள் எடுக்கவும். மூன்றும் ஒரே அளவில் இருந்தால் எல்லா விளிம்பும் ஒரே கோட்டில் முடிந்து, அங்கே புதிய வெடிப்பு வரும். கத்தரிக்கோலைவிடக் கையால் கிழிப்பதே நல்லது. கிழித்த ஓரம் மெலிந்திருப்பதால் பழைய பரப்போடு படிந்துவிடும்.

6. ரெசின் கலத்தல். 450 கிராம் விரிப்பில் இந்த மூன்று துண்டுகளுக்கு 100 கிராம் ரெசின் போதும். அதற்கு 1 முதல் 2 மி.லி. ஹார்ட்னர். நம் ஊர் வெயிலுக்கு 1 மி.லி.யில் தொடங்குவதே நல்லது. போத்தலில் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றவும். இரப்பர்ப் பாலில் ஆசிட் கலந்து உறையவைத்த தோட்ட மக்களுக்கு இந்தக் கணக்கு புரியும். கூடினால் பால் வேலை முடியும் முன்பே இறுகும். குறைந்தால் உறையாமல் நிற்கும். ஹார்ட்னரும் அப்படித்தான். கூடினால் ரெசின் கொதித்து, சுருங்கி, உடையும். குறைந்தால் என்றைக்கும் முழுதாக இறுகாது. ஒரு நிமிடம் மெதுவாகக் கலக்கவும். கையில் இருப்பது 10 முதல் 20 நிமிடம்தான்.

7. விரிப்பு வைத்தல். முதலில் பின்பக்கத்தில் ரெசின் தடவி, அதன்மேல் விரிப்பை வைத்து, தூரிகையால் குத்திக் குத்தி நனைக்கவும். இழுத்துத் தடவினால் இழைகள் கலைந்துவிடும். வெண்மையாக இருந்த விரிப்பு கண்ணாடிபோல் தெளிய வேண்டும். வெள்ளைப் புள்ளி இருந்தால் அங்கே ரெசின் சேரவில்லை அல்லது காற்று சிக்கியிருக்கிறது. அதை வெளியேற்றிவிட்டு அடுத்த துண்டை வைக்கவும். ரெசின் குளமாகத் தேங்கினாலும் நல்லதல்ல. இழையில்லாத ரெசின் கண்ணாடிபோல் நொறுங்கும்.

மிஞ்சிய ரெசினைக் கிண்ணத்தில் கட்டியாக விட வேண்டாம். இறுகும்போது சூடேறிப் புகையும். வெளியே சிமெண்டுத் தரையில் வைத்து, ஆறிய பிறகே குப்பையில் போடவும்.

8. முன்பக்கம். மறுநாள் டேப்பை எடுத்து, வெடிப்பின் நெடுகிலும் இருபுறமும் 3 முதல் 4 செ.மீ. வரை சரிவாகத் தேய்த்து ஆழமில்லாத பள்ளமாக்கவும். பலரும் தவறவிடும் கட்டம் இதுதான். கோட்டை மட்டும் கீறிப் புட்டி நிரப்பினால் ஒட்டும் பரப்பு நூலளவுதான். சரிவு அகலமாக இருந்தால் ஒட்டும் பரப்பும் அகலமாகும். 3 மி.மீ. தடிமனான பாகத்துக்கு ஏறக்குறைய 36 மி.மீ. சரிவு, அதாவது தடிமனைப்போல் 12 மடங்கு என்பது படகு கட்டுபவர்களும் பின்பற்றும் கணக்கு. பள்ளத்தில் சிறு விரிப்புத் துண்டுகளை ரெசினோடு அடுக்கி, மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தவும்.

ஜெல்கோட்டில் மட்டும் கீறல் என்றால் இத்தனையும் வேண்டாம். கீறலை விரித்து, தேய்த்து, துடைத்து, பாலியெஸ்டர் புட்டியால் நிரப்பினால் போதும்.

9. புட்டி. ரெசின் இறுகியதும் மேலே பிசுபிசுப்பு இருந்தால் அசிட்டோனால் துடைத்து, 80 எண் தாளால் தேய்த்த பிறகே புட்டி வைக்கவும். புட்டி 2 முதல் 3 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் இழை போதவில்லை என்று பொருள். 80, 120, 180, 240 என்று படிப்படியாகத் தேய்க்கவும். தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் விரல் அழுத்திய பள்ளம் விழாது.

10. சாயம். மறுநாளே சாயம் அடிக்க அவசரப்பட வேண்டாம். ரெசின் சில நாள் தொடர்ந்து சுருங்கும். அவசரப்பட்டால் ஒட்டிய இடம் சில வாரங்களில் நிழல்போல் மேலே தெரியும். பிரைமர் அடித்து, 400 எண் தாளால் நீர்விட்டுத் தேய்த்து, காய்ந்த பிறகு சாயமும் கிளியரும் மெல்லிய பூச்சுகளாக அடிக்கவும். மழை ஈரத்தில் அடித்தால் கிளியர் வெளுத்துப்போகும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் '2கே' வகைச் சாயங்களில் ஐசோசயனேட் என்ற நச்சு இருப்பதால் அவை ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். அவற்றை வீட்டில் அடிக்காமல் பட்டறையிடம் விடுவதே நல்லது. காரின் நிறத்தையே மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையில் (ஜேபிஜே) பதிவை மாற்ற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பட்டறையில் கொடுத்தால் என்ன கேட்க வேண்டும்?

எல்லாரும் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால், முறை தெரிந்தவரை ஏமாற்ற முடியாது. வண்டியை விடும்போது இந்த மூன்றையும் கேட்கவும்: பின்பக்கத்தில் விரிப்பு ஒட்டப்படுமா, எத்தனை அடுக்கு? புட்டி வைக்கும் முன் வந்து பார்க்கலாமா? வெடிப்பு வந்த காரணம் சரிசெய்யப்படுமா? வேலை தெரிந்த பட்டறைக்காரர் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். வண்டியை எடுக்கும்போது பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பழையபடியே இருந்தால் செய்யப்பட்டது மேல்பூச்சு மட்டுமே.

இந்த வேலையில் கை தேர்ந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. கேனபி, லோரி பாகங்கள், படகு, தண்ணீர்த் தொட்டி என்று ஃபைபர் கிளாஸ் பயன்படும் இடமெல்லாம் பழுதுபார்ப்பும் உண்டு. வாகன உடல் பழுதுபார்ப்பிலும் சாயம் பூசுவதிலும் மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்.கே.எம்.) பெறும் வழிகளும் உள்ளன. எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் இளைஞர்கள் இதையும் கருத்தில் கொள்ளலாம். பட்டறையில் உதவியாளராகச் சேர்பவர்கள் முதல் நாளிலேயே பாதுகாப்புக் கண்ணாடியும் ஆவி முகமூடியும் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.